மரநிழல் சாலைகளில் ரோடு சைக்கிள்: வனக்காப்பகத்துக்குள்ளும் சுற்றியும் ரூட் போடும் முறை

காட்டுக்குள் ஓடும் தார்ச்சாலைக்கு வெளிச்சாலைக் கணக்கு செல்லாது. காரணம் நிழல். மழை ஓய்ந்தபின் வெயில் படும் சாலை சீக்கிரம் உலர்ந்துவிடும். கிளைகள் கூடி நிற்கும் இடத்திலோ மறுநாள் உச்சிப்பொழுது வரைக்கும்கூட ஈரம் போகாது. அந்த ஈரத்தில் பாசி பிடிக்கும், சருகு ஒட்டிக்கிடந்து மட்கும், தாரின் விளிம்பு உதிரும். போதாக்குறைக்கு வேர்கள் அடியிலிருந்து சாலையைத் தூக்கும். வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாக விழுந்து பள்ளத்தை மறைக்கும். அதனால் மரங்கள் அடர்ந்த காப்பகத்தில் ரூட் போடும்போது தூரத்தையும் ஏற்றத்தையும் பார்ப்பதற்கு முன்னால், எந்தத் துண்டு எந்த நேரத்தில் நிழலில் கிடக்கும் என்று பார்த்துவிடுங்கள். போகும் திசை, வேகம், டயர், கண்ணாடி எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

ரூட்டின் வடிவம்

பல காப்பகங்களில் எல்லையை ஒட்டி ஒரு பொதுச்சாலை இருக்கும். உள்ளே ஊடறுத்துப் போகும் சாலை ஒன்றோ இரண்டோ இருக்கும். அதிலிருந்து பிரிந்து ஏரிக்கரை, பார்வைமேடு என்று எங்காவது போய் முடியும் கிளைச்சாலைகள் சில இருக்கும். முதல்முறை போகிறவர்கள் உள்சாலைகள் அத்தனையையும் ஒரே நாளில் கோத்துவிடப் பார்ப்பார்கள். அது வேண்டாம். 50 கி.மீ. சுற்று என்றால் 35 கி.மீ. எல்லைச்சாலையிலும் 15 கி.மீ. உள்ளேயும் இருக்கட்டும். வேகமாக மிதிக்கும் ஆசையை எல்லைச்சாலையில் தீர்த்துக்கொள்ளலாம். உள்ளே சராசரி மணிக்கு 18 முதல் 20 கி.மீ. என்று வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். வெளியே 25 போகிறவருக்கும் உள்ளே அவ்வளவுதான் கிடைக்கும்.

சுற்றை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மோசமான சாலையில் ஏறுங்கள், நல்ல சாலையில் இறங்குங்கள். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு ஒரு வேர்மேடு வெறும் குலுக்கல். அதே மேட்டை 50 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது சந்தித்தால் கைப்பிடியே கையிலிருந்து நழுவலாம். ஆகவே மலைச்சரிவின் இருபுறமும் சாலை இருந்தால், அதிக நேரம் வெயில் படும் பக்கத்தை இறக்கத்துக்கு ஒதுக்குங்கள். பூமியின் வட பாதியில் அது பெரும்பாலும் தெற்குச் சரிவாக இருக்கும், தென் பாதியில் வடக்குச் சரிவாக இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே மர அடர்த்தியை மட்டும் பார்த்தால் போதும்.

திசை முடிவாவதில் இன்னொன்றும் உண்டு. காட்டுச்சாலை பெருஞ்சாலையில் சேரும் முனையில் மரங்கள் பார்வையை மறைக்கும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டிய சந்திப்புகள் எந்தத் திசையில் குறைவோ அதுவே நல்லது. இந்த விதியும் இறக்க விதியும் மோதினால் இறக்க விதிக்கு இடம் கொடுங்கள். சந்திப்பில் இறங்கி நின்று பார்த்துவிட்டுக் கடக்கலாம், இறக்கத்தின் நடுவில் சாலையை மாற்ற முடியாது.

நேரம்: விடியலிலும் அந்தியிலும் மான் போன்ற விலங்குகள் அதிகம் நடமாடும். விடியலில் பனி ஈரமும் சேர்ந்துகொள்ளும். கிழக்கு மேற்காக ஓடும் சாலையில் தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும்; அப்போது பின்னால் வரும் காரோட்டிக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். அதனால் காலையில் எல்லைச்சாலையை முடித்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு உள்ளே நுழைவது நல்ல வரிசை. பொழுது சாய்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பஞ்சர் ஆனாலும் இருட்டுவதற்குள் தப்பிக்க அந்த இடைவெளி தேவை.

60 கி.மீ.க்கு மேல் போவதாக இருந்தால் ஒரே பெரிய வட்டத்தைவிட, நடுவில் சந்திக்கும் இரண்டு வளையங்கள் மேல். வந்த காரை அந்தச் சந்திப்பில் நிறுத்தினால் தண்ணீர் நிரப்பலாம், ஈர உடையை மாற்றலாம், உடம்பு ஒத்துழைக்காவிட்டால் இரண்டாவது வளையத்தை விட்டுவிடலாம்.

மேப்பில் பார்க்க வேண்டியவை

ரூட் போட உதவும் ஆப்களான கோமூட், ரைடு வித் ஜிபிஎஸ், ஸ்ட்ராவா மூன்றும், பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை நம்பித்தான் பாதை போடுகின்றன. அதில் சாலையின் மேற்பரப்பு தார் என்று யாரோ சில வருடங்களுக்கு முன் குறித்திருக்கலாம், குறிக்காமலே விட்டிருக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் சரிபார்க்கப் போனால் மரக்கிளைகள் மறைத்திருக்கும். அப்போது சாலை வெட்டவெளிக்கு வரும் இடங்களைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள்: பாலம், வாயில், மின்கம்பி செல்லும் வெட்டு, வாகன நிறுத்தம். இரண்டு வெட்டவெளியிலும் தார் இருந்தால் நடுவிலும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் மண்நிறம் தெரிந்தால் அந்தத் துண்டை ரூட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் போன தடம் அடர்ந்து தெரிவதை மட்டும் நம்பக்கூடாது. அது மவுண்டன் பைக் ஓட்டுபவர்களின் தடமாகவும் இருக்கலாம்.

மொத்த ஏற்றம் என்று ஆப் காட்டும் எண்ணைக் காட்டுப்பகுதியில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல மேப்புகளின் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது. அந்த ரேடார் அலை அடர்ந்த மரக்கூட்டத்தை ஊடுருவித் தரையை முழுதாகத் தொடுவதில்லை. காடு தொடங்கும் இடத்தில் இல்லாத மேடும், வெட்டவெளியில் இல்லாத பள்ளமும் கணக்கில் சேர்ந்துவிடும். உயரக்கோடு போட்ட மேப் கிடைத்தால் நீங்களே கணக்கிடலாம். 20 மீட்டர் உயர வித்தியாசம் உள்ள இரு கோடுகளுக்கு நடுவே சாலை 250 மீட்டர் ஓடினால் சரிவு 8 சதவீதம். 200 மீட்டர்தான் ஓடுகிறது என்றால் 10.

மரத்தடியில் ஜிபிஎஸ் தடமும் கோணலாகும், அதிலும் இலைகள் நனைந்திருந்தால் இன்னும் மோசம். தூரத்தைச் சரியாகக் காட்ட சக்கர அச்சில் மாட்டும் வேக சென்சார் உதவும். திருப்பங்களைக் கருவி 20, 30 மீட்டர் தாமதமாகச் சொல்லும் என்பதால் முக்கியமான பிரிவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மில் ஒட்டிவிடுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்வதும், சுற்றையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுவதும் கட்டாயம். உள்ளே சிக்னல் இருக்காது என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

தார் போட்டிருக்கிறது என்பதாலேயே சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. பணியாளர் வண்டிகளுக்கு மட்டுமான சாலைகளும் தார்ச்சாலைகளாக இருக்கும். காப்பக அலுவலகத்தைக் கேட்கும்போது பொதுவாக "சைக்கிள் விடலாமா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சாலையைக் குறிப்பிட்டு இவற்றைக் கேளுங்கள்: வாயில் திறந்து மூடும் நேரம், இனப்பெருக்கக் காலத்திலும் காட்டுத்தீ அபாயக் காலத்திலும் எந்தத் துண்டு மூடப்படும், இந்த வாரம் மரம் வெட்டும் வேலை எங்கே, அவசரத்துக்கு அழைக்கும் எண் எது. மரம் ஏற்றும் லாரி ஓடும் சாலையை அந்த வாரம் தவிர்ப்பது உத்தமம். மண்ணும் பட்டையும் சிதறிக் கிடக்கும். வளைவில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தைவிட உள்ளே நெருங்கி வரும். லாரியின் உள்பக்கம் நுழைந்தால் ஒதுங்க இடமிருக்காது.

சைக்கிளைத் தயார் செய்தல்

25 மி.மீ. டயரில் போக முடியாது என்றில்லை, ஆனால் சுகமில்லை. 28 மி.மீ. குறைந்தபட்சம். ஃபிரேமில் இடமிருந்தால் 32. ஆள் 75 கிலோ, சைக்கிள் 9 கிலோ என்றால் 28 மி.மீ. டியூப் டயருக்கு முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்குங்கள், 32 மி.மீ.க்கு முன்னால் 52, பின்னால் 56. சாலை நனைந்திருந்தால் இரண்டிலும் 5 குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் வேர்மேட்டில் ரிம் டியூபை நசுக்கிவிடும். டயர் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கு டியூப்லெஸ் டயர் மட்டும்தான், காற்று 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவே கூடாது. டயர் பக்கச்சுவரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் எது குறைவோ அதுதான் எல்லை. டியூப்லெஸ்ஸில் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் உலர்ந்து போயிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மி.லி. இருக்குமாறு ஊற்றுங்கள்.

கியரைப் பொறுத்தவரை, காட்டு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பதை நம்பியிருக்க முடியாது. ஈரத் தாரில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து வழுக்கும். உட்கார்ந்தே ஏற வேண்டும் என்றால் சிறிய கியர் வேண்டும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கையில் வேகம் மணிக்கு 9 கி.மீ. சொச்சம், மொத்த எடை 84 கிலோவோடு 10 சதவீத ஏற்றத்தில் அதற்கு 210 வாட்டுக்கு மேல் தேவைப்படும். பின்னால் 34 பல் போட்டால் அதே மிதியில் ஏறத்தாழ 175 வாட். நீண்ட ஏற்றத்தில் இந்த வித்தியாசம் கால் முட்டியில் தெரியும்.

கண்ணாடியில் அடர்நிறம் வேண்டாம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைவது ஒரு நொடியில் நடந்துவிடும். வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் லென்ஸ் தெளிவாவதற்குள் நீங்கள் நிழலைக் கடந்தே போயிருப்பீர்கள். 43 முதல் 80 சதவீதம் ஒளியை விடும் ‘கேட்டகரி 1’ லென்ஸ், இளஞ்சிவப்போ மஞ்சளோ சாயல் உள்ளது, திட்டுநிழலில் பள்ளத்தின் விளிம்பைப் பிரித்துக் காட்டும். பின்விளக்கைப் பகலிலும் ஃப்ளாஷில் எரியவிடுங்கள். வெயிலிலிருந்து நிழலுக்குள் வரும் காரோட்டிக்கு முதல் சில நொடி எதுவுமே தெரியாது.

பையில்: டியூப் இரண்டு, டயர் லீவர் இரண்டு, ஒட்டுப்பட்டை, கைப்பம்பு, மல்டிடூல், செயினுக்கு ஒரு இணைப்புக் கண்ணி, டியூப்லெஸ் என்றால் ஓட்டையில் செருகும் பிளக். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எடுத்துக்கொண்டாலும் பம்பை விட்டுவிட்டுப் போகக்கூடாது. 16 கிராம் சிலிண்டர் 28 மி.மீ. டயரை ஒருமுறைதான் நிரப்பும். தண்ணீர் மணிக்கு 500 மி.லி. கணக்கு, வெயில் கடுமையென்றால் 750. உணவு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. உள்ளே கடை இருக்காது. இறக்கத்தில் நிழல் குளிரும் என்பதால் கையில்லாத மெல்லிய காற்றுத்தடுப்பு உடை ஒன்று பின்பையில் இருக்கட்டும்.

சாலையைப் படித்து ஓட்டுதல்

நிழலான காட்டுச்சாலையைக் குறுக்கே உற்றுப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் பச்சை அல்லது கறுப்பு வழவழப்பு. நடுவிலும் ஒரு பச்சைப் பட்டை. அவற்றுக்கு இடையில் கார் சக்கரங்கள் தேய்த்துச் சுத்தம் செய்த இரண்டு வெளுத்த தடங்கள். உங்கள் சக்கரம் அந்தத் தடத்தில்தான் ஓட வேண்டும். ஓரத்தை ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே ஓரத்தில்தான் பாசி, சருகு, உதிர்ந்த தார், வேர் நான்கும் கூடிக் கிடக்கின்றன. பின்னால் வண்டி வந்து ஒதுங்கவேண்டி வந்தால், தடத்திலிருந்து பாசிமேல் ஏறும்போது கைப்பிடியை நேராக வைத்து, மிதிப்பதை நிறுத்தி, பிரேக் தொடாமல் உருளவிடுங்கள்.

வேர் தூக்கிய மேடு பெரும்பாலும் சாலைக்குக் குறுக்கே ஓடும். அடிமரம் ஓரத்துக்கு நெருக்கமாக நிற்கும் இடத்தில் அதை எதிர்பார்க்கலாம். செங்குத்தாகக் கடந்தால் பயமில்லை: முழங்கை மடித்து, இடுப்பைச் சீட்டிலிருந்து ஒரு விரல் தூக்கி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் நிறுத்துங்கள். சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வேரோடு வழுக்கிப் போகும். மேட்டைவிட ஆபத்து, சாலையின் நீளவாக்கில் ஓடும் விரிசல். 28 மி.மீ. டயர் அதில் இறங்கிவிட்டால் கைப்பிடி திரும்பாது. அதைத் தூரத்திலேயே பார்த்து, முடிந்தவரை அகலமான கோணத்தில் ஒரே முறையில் கடந்துவிட வேண்டும்.

கால்நடை தாண்டாமலிருக்கக் குறுக்கே பதித்த இரும்புக் கம்பி வரிசையிலும் இதே பாடம்தான்: நேராக, மிதிக்காமல், பிரேக் இல்லாமல். நனைந்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உலர்ந்த சருகு தானாக வழுக்குவது குறைவு, ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாது. நனைந்த சருகு அடுக்கடுக்காக நழுவும். வளைவில் அதன்மேல் சைக்கிளைச் சாய்க்கக்கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சைக்கிளை நிமிர்த்தி வைத்து மெதுவாகத் திரும்புங்கள். ஊசியிலையும் உருண்டைக் காயும் கிடந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. மழைக்குப் பிறகு மேட்டிலிருந்து வழிந்த மணலும் ஜல்லியும் வளைவின் உள்ளோரத்தில் சேரும். இறக்கம் தெரிந்த சாலையாக இருந்தாலும் அன்றைய முதல் வளைவைச் சோதனை வளைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேகத்தில் இறங்கலாம்? கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில். சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்தால், உலர்ந்த தாரில் 30 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 15 மீட்டர் ஆகும், 50 கி.மீ. வேகத்திலிருந்து 34 மீட்டர். ஈரத்தில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் இதுவே 23, 53 மீட்டராகும். மரங்கள் மறைக்கும் வளைவில் 25 மீட்டர்தான் தெரிகிறது, சாலையும் ஈரம் என்றால் 30க்கு மேல் போக வழியில்லை. ரிம் பிரேக் வைத்திருந்தால் ஈரத்தில் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இறக்கம் தொடங்குமுன் லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுங்கள்.

விலங்கு குறுக்கே போனால் உடனே வேகம் எடுக்காதீர்கள். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே நினைத்து நில்லுங்கள். பெரிய விலங்கு சாலையில் நின்றால் தூரத்திலேயே நின்றுவிட வேண்டும், நெருங்கி விரட்டவோ ஓரமாக நுழையவோ கூடாது. அது போகாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். உணவு போடுவதும் உறை வீசுவதும் விலங்குகளைச் சாலைக்கு இழுத்துவரும். நடப்பவர்களுக்குப் பின்னால் 20 மீட்டரிலேயே குரல் கொடுங்கள். குதிரைக்கு மணியைவிட மனிதக் குரல் நல்லது. பேசிக்கொண்டே அகலமாக விலகிப் போங்கள்.

புயலடித்த மறுநாள் போகவேண்டாம். முறிந்து தொங்கும் கிளை எப்போது வேண்டுமானாலும் விழும்.

பஞ்சர் ஆனால்

வளைவில் நிற்காதீர்கள். இரண்டு பக்கமும் தெரியும் நேரான இடம் வரை தள்ளிக்கொண்டு போய், சாலையை விட்டு விலகி, தரையில் புல் குட்டையாக இருக்கும் இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். பின்சக்கரம் என்றால் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றவும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டயரை நெம்பி எடுங்கள். டியூபை வெளியே எடுக்கும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஓட்டை இருக்கும் இடத்தை டயரோடு பொருத்திப் பார்த்தால் முள் எங்கே என்று தெரிந்துவிடும்.

ஓட்டையே காரணத்தைச் சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கிழிசல் என்றால் வேரிலோ பள்ளத்து விளிம்பிலோ அடிபட்டு நசுங்கியது, காற்று போதவில்லை. வெளிப்புறம் ஒற்றை ஓட்டை என்றால் முள். ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம்மின் உள்ளே ஒட்டியிருக்கும் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். முள்ளை எடுக்காமல் மாட்டினாலும் அதே கதிதான். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், முள் துணியில் மாட்டும், விரலில் ஏறாது.

புது டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரை ரிம்முக்குள் ஏற்றுவதை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி விட்டால் டயர் ஓரத்தில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். டியூப்லெஸ்ஸில் முள் குத்தி சீலண்ட் அடைத்துக்கொண்டால் முள்ளை அங்கே பிடுங்காதீர்கள், வீட்டுக்கு வந்து எடுக்கலாம். கார்பன் டை ஆக்சைடு அடைத்த டியூப் மறுநாள் தளர்ந்திருக்கும். அந்த வாயு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும். அதைப் பஞ்சர் என்று நினைத்து மறுபடி கழற்ற வேண்டாம், சாதாரணக் காற்றை அடியுங்கள்.

திரும்பிய பிறகு

காட்டு ஈரத்தில் வரும் சேறு நுண்மணல் நிறைந்தது. ரிம் பிரேக் கட்டையில் குத்தியிருக்கும் மணல்துணுக்குகளை ஊசியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அறுக்கும். செயினைத் துடைத்து உலர்த்தி எண்ணெய் விடவும். புல்லில் உட்கார்ந்திருந்தால் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்புறம் என்று உண்ணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது. பிறகு வரும் நாட்களில் அந்த இடத்தில் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்று பார்த்த வேர்மேடு, பாசித்திட்டு, பூட்டிய வாயில் எல்லாவற்றையும் ரூட் கோப்பில் தேதியோடு குறித்துவையுங்கள். ஒரு மழைக்காலம் கடந்துவிட்ட குறிப்பை நம்பி யாருக்கும் அந்தக் கோப்பைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.